பதினோரு சீட்டு

"அவரை இங்கேருந்து மாத்திடுங்க மேடம். இல்லைன்னா எங்க பதினோரு பேரையும் மாத்துங்க."

தைரியராஜ் மனுவை மேஜையில் வைத்தார். துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் அந்த ஒர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருஷமாக ஃபிட்டர். திருச்சி பாலக்கரைக்காரர். அவர் பேச உட்கார்ந்தால் டீ ஆறிப்போகும், ஆனால் ஒருத்தரும் எழுந்து போக மாட்டார்கள்.

வஹீதா அங்கே மேனேஜராக வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"பிளானிங் இன்ஜினியர் ஸ்ரீரங்கராஜனையா சொல்றீங்க? என்ன பண்ணினார்ண்ணே?"

"ஒண்ணும் பண்ணலை மேடம். அதான் பிரச்சினையே. குட் மார்னிங் சொன்னா தலையை ஆட்டுவார். டீக்கு வர மாட்டார். என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தார், மொய்க்கவரைக் குடுத்தார், ஒரு வார்த்தை பேசாம ஸ்ரீரங்கம் பஸ் ஏறிட்டார். வேலையைக்கூட வாயால சொல்றதில்லை. காலையில ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு. பக்கத்துல நிக்கிற மனுஷனுக்கு எதுக்கு சீட்டு? நாங்க என்ன ஸ்கூல் புள்ளைங்களா?"

நியாயமாகத்தான் பட்டது வஹீதாவுக்கு. மீட்டிங்கில் எதைக் கேட்டாலும் ஸ்ரீரங்கராஜன், "யோசிச்சுச் சொல்றேன்" என்பார். மறுநாள் மெயிலில் இரண்டு பக்கம் வரும். சரியாகத்தான் இருக்கும். ஆனால் மெயிலோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது?

அவரைக் கூப்பிட்டாள்.

"நாளையிலேருந்து காலையில பத்து நிமிஷம் எல்லார் முன்னாடியும் நின்னு வேலையைச் சொல்லுங்க சார். சீட்டு வேண்டாம்."

ஸ்ரீரங்கராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"நின்னு சொல்றேன் மேடம். சீட்டும் குடுக்கறேனே."

"எதுக்கு? நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தா அவங்க தலையில போடறதுக்கா?"

"இல்லை மேடம்."

"அப்ப எதுக்கு?"

மேஜையில் கிடந்த மனுவைப் பார்த்தார்.

"என்னை மாத்தறதுன்னா மாத்திடுங்க. ஆனா எனக்கு அடுத்து வர்றவரையும் சீட்டு குடுக்கச் சொல்லுங்க."

என்ன பிடிவாதம் இது என்று நினைத்தாள் வஹீதா.

"சீட்டு கிடையாது சார். முடிஞ்சுது."

மறுநாள் காலை ஸ்ரீரங்கராஜன் பதினோரு பேர் முன்னால் வந்து நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அளவு சொல்லி முடித்தார்.

"தைரியராஜ், உங்களுக்கு நாப்பது தகடு. ஓரத்துலேருந்து எழுபது எம்.எம். தள்ளி ஓட்டை."

"ஆச்சு சார். இப்படி வாயைத் திறந்து சொன்னா எவ்வளவு நல்லாயிருக்கு" என்றார் தைரியராஜ். எல்லோரும் சிரித்தார்கள். வஹீதாவும்தான்.

அரைமணி கழித்து அவள் ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி வந்தாள். தைரியராஜ் முதல் தகட்டில் சாக்பீஸால் குறி போட்டு, டிரில்லைக் கீழே இறக்கப் போனார். பக்கத்தில் கிடந்த ஸ்கேலில் குறி எண்பதில் இருந்தது.

அவள் சொல்ல வாய் எடுப்பதற்குள் ஸ்ரீரங்கராஜன் அங்கே வந்துவிட்டார். தகட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்து, ஓரத்தில் '70' என்று எழுதிவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.

தைரியராஜ் அந்த எண்ணைப் பார்த்தார். யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். தன் குறியை உள்ளங்கையால் அழித்தார்.

டீ நேரத்துக்கு மணி அடித்தபோது வஹீதா மறுபடி அங்கே வந்தாள். மிஷின்கள் நின்றன. எல்லோரும் வெளியே போனார்கள். தைரியராஜ் மட்டும் முதுகைக் காட்டியபடி தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றாள் வஹீதா.

அவர் திரும்பவில்லை.

"தைரியராஜ் அண்ணே, ஒரு நிமிஷம்."

துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் நிழல் தகட்டின் மேல் விழுந்ததும்தான் திடுக்கிட்டுத் திரும்பினார். உடனே சிரித்தார்.

"இப்பதான் வந்தீங்களா மேடம்?"

"ஆமாண்ணே" என்றாள். "இப்பதான்."

நேராக ஸ்ரீரங்கராஜன் அறைக்குப் போனாள்.

"எத்தனை நாளா தெரியும் சார்?"

வஹீதா இந்த முறை அவசரப்படுத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா" என்றார் கடைசியில். "அவர் வேலையில மூணு தப்பு வந்துது. மூணுமே நான் வாயால சொன்னது. டிராயிங் பார்த்துப் பண்ணின எதுலயும் தப்பு இல்லை. அப்புறம் கவனிச்சேன். எதிர்ல நின்னா உதட்டைப் பார்த்துப் பாதி புரிஞ்சுக்கறார். எழுபதுக்கும் எண்பதுக்கும் வித்தியாசம் தெரியலை. வெளியில தெரிஞ்சா வேலை போயிடும்னு பயப்படறார். நான் கண்டுபிடிச்சது அவருக்கே தெரியாது."

"வேலை போகாது. அதுக்கு நான் பொறுப்பு. ஒரு காது டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். காதுல மிஷின் வச்சுக்கிட்டா இன்னும் பத்து வருஷம் பேசுவார்."

ஸ்ரீரங்கராஜன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"ஒண்ணு மட்டும் புரியலை சார். அவருக்கு மட்டும் சீட்டு குடுத்திருக்கலாமே. மத்த பத்து பேர்கிட்டயும் எதுக்குக் கெட்ட பேர் வாங்கினீங்க?"

அவர் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அவருக்கு மட்டும் குடுத்தா, அந்தப் பத்து பேரும் ஏன்னு கேட்பாங்களே மேடம்."