அறுபத்தேழாம் வருஷத்து வண்டி

அல் குசைஸ் கராஜில் நிற்கும் அரபு முதலாளி அர்பாபின் பழைய கமேரோ காரை முடித்துக் கொடுத்தால்தான் சோலையப்பனுக்கு லீவு. அவன் இங்கே வந்த பிறகு ஊரில் பிறந்த ஒரே மகளை இன்னும் தூக்கியதில்லை. செவ்வாய்க்கிழமை போனில் பார்த்தபோது தலை நிற்காமல் தொட்டிலில் கிடந்தாள்.

வண்டி அறுபத்தேழாம் வருஷத்தது. அதன் கதவில் முன்னோரமாக ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி உண்டு. அன்று சாயந்திரம் அதைப் பொருத்தித் துடைத்துவிட்டுத்தான் தொழிலாளர் கேம்புக்குப் படுக்கப் போனான். புதன் காலையில் அதைக் காணோம். கதவு முழுக்க ஒரே கண்ணாடி. பக்கவாட்டில் யாரும் கேட்காத குட்டி விளக்குகள் வேறு.

"ஐசே, அறுபத்தெட்டு மொடலாக்கி வச்சிருக்கிறீர்!" என்று ஃபோர்மேன் தயாபரன் கத்தினார்.

"சத்தியமா நான் தொடலண்ணே."

"அப்ப என்ன, கார் தானா வளருதோ?"

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றினான். விளக்கு ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்தான். முக்கோணக் கண்ணாடியைத் திரும்பவும் மாட்டினான். வியாழன் காலையில் சக்கரங்களுக்கு மேல் தகரத்தில் நீளமான மடிப்புகள் ஓடின. அது அறுபத்தொன்பதின் உடம்பு.

"கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. உம்மட லீவை அடுத்த வருஷம் பாப்பம்," என்றார் தயாபரன்.

கை கிரீஸைக்கூடத் துடைக்காமல் மனைவி நாகஜோதியை வீடியோவில் கூப்பிட்டான்.

"லீவு இல்லையாம் புள்ள. அடுத்த வருசந்தானாம்."

"போன வருசமும் இதையேதான சொன்னீக," என்றாள் அவள், சலித்துப்போய்.

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து பாவாடை கட்டிய ஒரு சிறுமி, தொட்டிலில் கிடந்தவளின் அதே முகத்தோடு, ஓடிவந்து போனுக்குள் எட்டிப் பார்த்து அவனைக் காட்டிக் கேட்டாள்.

"யாரும்மா இது?"