கீழே கிடந்த ஊசி

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

போனில் கேட்டவள் மெக்கானிக்கின் மனைவி. மெக்கானிக்குக்கு முழங்கை வரை கிரீஸ் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தவர், பட்டறையில் நின்ற லோடர் வண்டிக்குச் சொந்தக்காரரான காண்ட்ராக்டர். எல்லாம் என் தலையெழுத்து என்கிற மாதிரிதான் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் ஆகும்" என்றார் மெக்கானிக்.

"சரிங்க. பதறாம செய்யுங்க" என்று அவள் வைத்துவிட்டாள்.

தன் வீட்டில் இந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று காண்ட்ராக்டர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். இப்படி ஒரு பொறுமைசாலி வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொன்னார். மெக்கானிக் சிரிக்கக்கூட இல்லை. ராத்திரி முழுக்கக் கண் மூடாத முகம் அது.

காலையிலேயே அவர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. இன்றைக்கு அவரைத் தங்கை வீட்டுக்கு மாற்றியாக வேண்டும். தூக்க ஆளும் வரவில்லை, வேனும் வரவில்லை, மனைவி ஒருத்தியாக அல்லாடிக்கொண்டிருக்கிறாள். இந்த வேலையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

காண்ட்ராக்டர் பிடி கொடுக்கவில்லை. ஒரு சந்துக்குள் வரிசையாக வீடுகளை இடிக்க வேண்டிய வேலை அவருக்கு. பெரிய எந்திரம் அதற்குள் நுழையாது. நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும் இந்தக் குட்டி லோடரால்தான் முடியும். அங்கே குடியிருக்கிறவர்கள் அவகாசம் கேட்டதற்கே அவர் மசியவில்லை, மெக்கானிக்குக்கா மசிவார்?

"இன்னிக்கு இடிக்கலேன்னா வேலை கை மாறிடும். உன்னால முடியாதுன்னா சொல்லு, வேற பட்டறைக்கு இழுத்துட்டுப் போறேன்."

"வேண்டாம் சார். நானே செய்யறேன்" என்றார் மெக்கானிக் உடனே.

எஞ்சினிலிருந்து பம்ப்புக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டில் யுனிவர்சல் ஜாயிண்ட் போயிருந்தது. அதைக் கழற்றிப் புதுசு மாட்ட வேண்டும். கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு, அதன் நாலு முனைக்கும் நாலு கப். ஒவ்வொரு கப்பின் உள்சுவரிலும் சின்னச் சின்ன இரும்பு ஊசிகள் வரிசையாக நிற்கும். கிரீஸ் தடவி ஒட்டவைத்து, ஒன்றுகூடச் சரியாமல் கப்பை அழுத்தி இறக்க வேண்டும். மெக்கானிக் நாலையும் இறக்கி, லாக் போட்டு, கீழே விரித்திருந்த சாக்கில் கையைத் துடைத்தார்.

துடைத்தவர் குனிந்து பார்த்தார். சாக்கின் மேல் ஒரு ஊசி கிடந்தது.

"என்னப்பா அது?" என்று காண்ட்ராக்டர் கேட்டார்.

"கப்புல இருக்க வேண்டியது. ஒண்ணு குறைஞ்சாலும் மத்ததெல்லாம் சாயும். வேலை நடக்கிற இடத்துலேயே ஷாஃப்ட் அறுந்துடும்."

"அப்ப?"

"பிரிச்சுப் பார்க்கணும்."

காண்ட்ராக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்தார். மெக்கானிக் லாக்குகளைக் கழற்றி, கப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே எடுத்து, ஊசிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நாலிலும் எல்லாம் சரியாக இருந்தன. பழைய ஜாயிண்ட்டிலிருந்து விழுந்ததாக இருக்கும் என்று சோர்ந்த குரலில் சொன்னார்.

"கண்ணை மூடிக்கிட்டே மாட்டுற ஆளு நீ. இன்னிக்கு என்னய்யா ஆச்சு உனக்கு?"

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. காண்ட்ராக்டர் அலுத்துக்கொண்டே எடுத்து நீட்டினார். ஆள் வந்துவிட்டதாகவும் வேன்தான் இன்னும் வரவில்லை என்றும் மனைவி சொன்னாள். அங்கே எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் பிரிச்சுட்டேன். திரும்ப முதல்லேருந்து மாட்டணும்."

அந்தப் பக்கம் நீளமாக மூச்சு விடும் சத்தம் கேட்டது. "சரிங்க" என்றாள். காண்ட்ராக்டருக்கே கொஞ்சம் மனசு சங்கடப்பட்டது. பாவம், அந்தப் பெண் எத்தனை நேரம்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அதற்காக வேலையைத் தள்ளிப்போடத் தோன்றவில்லை.

மறுபடி கப், மறுபடி லாக். பிறகு கிரீஸ் கன்னை, கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் வைத்து மெதுவாக அழுத்த ஆரம்பித்தார் மெக்கானிக். மூன்று பக்கத்து சீலில் கிரீஸ் பிதுங்கியது, நாலாவதில் வரவில்லை. போதுமே என்றார் காண்ட்ராக்டர். நாலாவது பக்கம் பட்டினி கிடக்கும் என்று சொல்லி மெக்கானிக் அந்தக் கப்பைத் தட்டினார், அழுத்தினார், மறுபடி தட்டினார். ஒரு வழியாக அங்கேயும் வந்தது. ஷாஃப்ட்டை வண்டியில் ஏற்றி, போல்ட்டுகளை முறுக்கி முடித்தபோது அவரால் நிமிரவே முடியவில்லை.

சாவியைத் திருப்பியதும் லோடர் அதிராமல் உறுமியது. காண்ட்ராக்டரின் முகத்தில் உயிர் வந்தது. சரியாக அந்த நேரம் போன் அடிக்க, இந்த முறை அவரே பேசினார்.

"அம்மா, ரொம்ப நேரம் காக்க வச்சுட்டேன். உங்க வீட்டுக்காரர் முடிச்சுட்டார். இதோ அனுப்பிடறேன்."

ஸ்பீக்கரில் அவள் குரல் நிதானமாக வந்தது.

"மாமாவை வேன்ல ஏத்தியாச்சு சார், இனிமே நீங்க வந்து எங்க வீட்டை இடிச்சுக்கலாம்."