வெள்ளி மணி வைத்த உருண்டை

"அண்ணா, கிண்ணத்தைத் தூக்கு! தண்ணி உள்ளே தெறிக்குது!"

அண்ணன் கைத்துணியோடு பாய்ந்து, கொதிக்கும் பாத்திரத்தின் மேலிருந்த கிண்ணத்தைத் தூக்கினான். உருகிய சாக்லேட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் போதும், திரிந்து மண்ணாகிவிடும். நல்ல வேளை, தப்பித்தது.

மணி மூன்றரை. ஐந்து மணிக்குப் பன்னிரண்டு வாண்டுகள் வாசலில் வந்து நிற்கும். தங்கை சிட்டுவின் மகளுக்கு இன்று ஏழு வயது.

விடிவதற்கு முன்பே ஹோட்டலின் கேக் பிரிவில் வேலைக்கு நின்றுவிட்டு, இரண்டு மணிக்கு வீடு திரும்பியவள் இன்னும் உட்காரவில்லை. கால்கள் இரண்டும் கல்லாய்க் கனத்தன.

"இது எத்தனாவது தடவை?" என்றான் அண்ணன்.

"மூணாவது. பேசாம பிசை."

மேஜையில் ஏற்கெனவே இரண்டு தட்டு நிறைய உருண்டைகள். அடுப்பில் வேகவைக்க வேண்டாத பண்டம். சின்ன வயதில் பிறந்த நாளென்றால் அம்மா செய்வது. பிஸ்கட் தூள், மலிவான கோக்கோ, வனஸ்பதி, டின் பால். பிசைந்து உருட்டினால் முடிந்தது. இவள் கை பட்டதும் எல்லாமே ஒரு படி ஏறியிருந்தது. வனஸ்பதி போய் நல்ல வெண்ணெய், கோக்கோவோடு எழுபது சதவீதக் கறுப்புச் சாக்லேட், வறுத்து உடைத்த பாதாம்.

அண்ணன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். "அம்மா உருண்டைதான் சிட்டு. அதைவிட ஒசத்தி."

அவளும் கடித்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இல்லைண்ணா. அதுல கடைசியா ஒரு கசப்பு வரும். நாக்குக்கு அடியில போய் உக்காந்துக்கும். அது இதுல இல்ல."

"எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லையே."

"உனக்கு எங்கே இருக்கும்? வருஷத்துக்கு ஒரு நாள் தின்னவன் நீ. நான் தினம் சாயங்காலம் தின்னவ."

"அதான் தெரியுமே. மகாராணிக்குத் தனித் தட்டு. உருண்டை மேல கேக்குக்கு வைக்கிற வெள்ளிச் சர்க்கரை மணி வேற. அடுத்தவங்க வீட்டுப் பிறந்த நாளுக்குப் போனாலும் உனக்குன்னு அம்மா டப்பாவுல கொண்டு வருவாங்க."

"ஒரு தடவை நீ திருடித் தின்னியே!"

"அதை ஏன் கேக்கற? தொண்டைக்குள்ள விரலை விட்டு வாந்தி எடுக்க வெச்சாங்க. அது பத்தாதுன்னு முதுகுல ரெண்டு."

களைப்பையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அம்மாவுக்கு நான்னா உசிருண்ணா."

அவன் தலையைக் குனிந்துகொண்டு பிசைந்தான்.

உள்ளறையிலிருந்து மகளின் குரல் பறந்து வந்தது. "அம்மா! சாயங்கால மாத்திரை கிடையாது, சொல்லிட்டேன்! பிறந்த நாளைக்கு லீவு!"

அவள் சிரிப்பு அப்படியே அணைந்தது.

நான்கு மாதங்களுக்கு முன், பள்ளிக்கூட வரிசையில் நின்றிருந்த மகள் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தாள். வலிப்பு. காலையும் மாலையும் மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார் டாக்டர். பொடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக என்றார். தேனில் கலந்தாள், மகள் துப்பினாள். வாழைப்பழத்தில் வைத்தாள், துப்பினாள். ஜாம், அதுவும் தரையில். வீட்டில் தினம் இரண்டு வேளை யுத்தம்.

"இவ ஆயுசு பூரா இப்படியே போயிடுமாண்ணா?" அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. "நம்ம வீட்டுல யாருக்குமே இல்லாதது இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சு? இன்னைக்கு ஒரு நாளாவது அவ வாயில நல்லதா ஒண்ணு போகட்டும்னுதான் இந்தப் பாடு. நான் தின்ன அதே ருசி. அதுகூட என் கைக்கு வர மாட்டேங்குது."

அலமாரியைத் திறந்து, எண்பத்தைந்து சதவீதச் சாக்லேட் கட்டியை எடுத்தாள். "இதுல கசப்பு ஜாஸ்தி. இன்னொரு தடவை..."

அண்ணன் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"நூறு சதவீதம் போட்டாலும் அது வராது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"குட்டியோட மாத்திரையை எடு."

"மணி நாலுகூட ஆகலையே..."

"எடு சிட்டு."

இருபது வருடமாக மருந்துக் கடையில் நிற்கிற கை அது. இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் மாத்திரையை வைத்து ஒரே அழுத்து. வெள்ளைப் பொடி.

"விரல் நுனியால தொட்டு நாக்குல வை. லேசா."

ஒன்றும் புரியாமல் தொட்டு வைத்தாள்.

சின்னக் கசப்பு. மெல்ல இறங்கி, நாக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அண்ணா..." அவள் தட்டிலிருந்த உருண்டைகளைப் பார்த்தாள். "இது... இது அம்மாவோட..."

அண்ணன் மிச்சப் பொடி முழுவதையும் ஓர் உருண்டைக்குள் பொதிந்து உருட்டினான். மற்ற உருண்டைகளோடு சேர்ந்துவிடாமல் தனியாக ஒரு சின்னத் தட்டில் வைத்தான். மேலே ஒரு வெள்ளி மணியை அழுத்தினான்.

"உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க, நாலு மாசமா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன், இனி முடியல" என்றான். "உனக்கும் இதே வலிப்பு அஞ்சு வயசுல ஆரம்பிச்சுது, பதினொண்ணுல நின்னே போச்சு, சிட்டு."