பொட்டு இல்லாத மெஷின்

ஆயுதபூஜைக்காக மில்லில் அத்தனை மெஷின்களும் நின்றிருக்கின்றன. சன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மட்டும் இன்னும் இறங்காமல் மிதக்கிறது. வரிசை முழுக்கச் சந்தனம், குங்குமம்; ஏசுவடியானுடைய மெஷின் மட்டும் வெறும் இரும்பாக நிற்கிறது. போன ஈஸ்டர் வரைக்கும் அவன் பெயர் சிவனாண்டி. "எங்க சாமிய நீ கும்பிட வேண்டாம்லே. சோறு போடுற மெஷினுக்கு ஒரு பொட்டு வையி, போதும்" என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிறார் மேஸ்திரி. "என்னால ஏலாதுண்ணே." அவன் கைகள் முதுகுக்குப் பின்னால் போகின்றன. முதலாளி பார்த்துக்கொண்டு நிற்பதால் மேஸ்திரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சூப்பர்வைசர் ஞானதிரவியம் முன்னால் வந்து கிண்ணத்தில் விரலை விடுகிறார். சர்ச்சின் செயலாளர் அவர். ஆறு மாதம் அந்த விரலை வரிவரியாக ஓட்டித்தான் ஏசுவடியானுக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். இப்போது அந்த விரல் மெஷினில் சந்தனத்தை அப்புகிறது. ஏசுவடியான் சட்டை நுனியால் அதைத் துடைக்கிறான். பொரி கொறித்துக்கொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றுவிடுகின்றன. "மொதலாளி, இவன் இனிமே வேலைக்கு வர வேண்டாம்" என்று முந்திக்கொண்டு சொல்வது ஞானதிரவியம்தான். சொல்லிவிட்டு, விரலைக் கைக்குட்டையால் நகக்கண் வரைக்கும் துடைத்துக்கொள்கிறார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற முறை அவருடையது.