துணைவேந்தர் கதிரை

பௌதிகப் பேராசிரியர் சோமசேகரம் துணைவேந்தரானார். முதல் மாலையைப் போட்டவள் விரிவுரையாளர் கஜானி.

“உன்ரை ஆய்வைத் தன்ரை பேரிலை வெளியிட்ட மனுசனுக்கு மாலையோ?” என்று பொரிந்து தள்ளினாள் தோழி நிவேதனா. கஜானி சிரித்தாள்.

சில மாதங்கள் கழித்து சோமசேகரம் கஜானியும் நிவேதனாவும் இருந்த ஆய்வுகூடத்துக்கு ஓடிவந்தார். “கொஞ்ச நேரம் என்ரை லேசரிலை வேலை செய்யவேணும், பிள்ளை.”

அதைத் தொடுவதற்குள் கைபேசி அலறியது. கொக்குவில் மாணவர் விடுதியில் தண்ணீர் இல்லை. மாணவர்கள் வாசலை மறித்துவிட்டார்கள்.

“பௌதிகமே மறந்துபோச்சு. ஆர்தான் என்னை இந்தக் கதிரையிலை இருத்தினது?” என்று புலம்பியபடியே போனார்.

“துணைவேந்தர் தெரிவிலை வாக்குப் போடுற பேரவை உறுப்பினர்மாரின்ரை வீடு வீடாய்ப் போய் அவருக்கு ஆரோ ஆதரவு கேட்டவையாம்” என்றாள் நிவேதனா.

கஜானி லேசரை இயக்கினாள். “நான்தான் போனனான். இனி அவர் தண்ணித்தாங்கியை ஆராயட்டும்.”