ஊசிச் சீட்டு

"பச்சப்புள்ள வயித்துக் கட்டியையே கரைச்ச கை இது!"

பூசாரி ராஜதுரையின் குரல் கீழப்பழுவூர் தெருமுனை வரைக்கும் கேட்டது. கிராம நர்ஸ் புஷ்பவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று கோயிலுக்குள் நுழைந்தாள்.

போன வருடம் ஊரில் ஒரு குழந்தை வயிற்றுக் கட்டியோடு பிறந்தது. "பிறந்த குழந்தைக்கு இந்த மாதிரிக் கட்டி சிலசமயம் தானாவே கரையும். கத்தி வேணாம், மாசாமாசம் ஸ்கேன் பாப்போம்" என்றார் திருச்சி டாக்டர். அப்படியே கரைந்தது. ஸ்கேனுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் புஷ்பவல்லி. பேர் வாங்கியது பூசாரியின் திருநீறு!

இப்போது அன்பழகனின் நாலு வயது மகளுக்குக் கட்டி. "இந்த வயசுல இது தானா கரையாது. திங்கட்கிழமையே கீமோ ஊசி ஆரம்பிக்கணும்" என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. புஷ்பவல்லி தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். அன்பழகன் கேட்டால்தானே? மகளைத் தூக்கிக்கொண்டு நேரே பூசாரியிடம் வந்துவிட்டான்.

"புள்ள உசுரோட வெளையாடாதீங்க!" என்று கத்தினாள் புஷ்பவல்லி.

"நர்சம்மா, செத்த சும்மா இருங்க" என்ற பூசாரி, அன்பழகன் பக்கம் திரும்பினார். "போன வருசம் கரைச்சேனா, இல்லியா?"

"கரைச்சீங்க சாமி."

"அப்ப நான் சொன்னா கேப்பியா?"

"என்ன சொன்னாலும் கேக்குறேன் சாமி."

பூசாரி திருநீற்றை அள்ளினார். என்ன நினைத்தாரோ, மறுபடி தட்டிலேயே போட்டார்.

"நாலு வயசுக் கட்டிப்பா, முரட்டுக் கட்டி. ஊசி ஏறுன உடம்புலதான் என் திருநீறு வேலை செய்யும். திங்கக்கெழமை திருச்சிக்குப் போ. ஒவ்வொரு ஊசிக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டக் கொண்டாந்து காட்டு. சீட்டு இல்லாம வந்தியோ, திருநீறு கெடையாது!"

"சரிங்க சாமி." மறுபேச்சு இல்லாமல் மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான் அன்பழகன்.

புஷ்பவல்லிக்குச் சண்டை போட வந்தது மறந்துபோனது. கண் கலங்கிவிட்டது.

"அப்ப, போன வருசம் கரைச்சது நீங்க இல்லைன்னு உங்களுக்கே தெரியுமா?"

"தெரியாம என்ன?"

"பின்ன ஏன் அவருகிட்ட உண்மையச் சொல்லல?"

பூசாரி குரலைத் தாழ்த்தினார். "நீங்க உண்மையத்தான சொன்னீங்க நர்சம்மா, கேட்டானா?"