முனகும் பெட்டி

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, டீச்சருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான் அருள்மணி.

கொடைக்கானல் கான்வென்ட் பள்ளியில் ரேடியோ, டேப் ரிக்கார்டர், புரொஜெக்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நிரந்தர வேலை. ஐந்து வருஷமாகப் பண்ணைக்காடு ஊரில் தோள்பையோடு ரேடியோ ரிப்பேருக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவனுக்கு இதை விட்டால் இன்னொன்று அமையாது.

பொறுப்பு டீச்சர் கித்தேரியம்மாள் பேச்சை வளர்க்கவில்லை. டேப் ரிக்கார்டரைக் கரண்டில் ஓட்டும் எலிமினேட்டரைச் சொருகி, அவன் முன்னால் நகர்த்தினார்.

"போட்டா ஒரே முனகல். வெடிச்சிருமோன்னு சிஸ்டருக்குப் பயம். பழுதா இல்லையா, சொல்லுங்க."

அவன் நான்கு விரலைப் பெட்டிமேல் வைத்தான்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முன்னே வந்த ஆளு காதை வச்சுப் பாத்தாரு. நீங்க என்ன, நாடி பாக்குறீங்க?"

"காய்ச்சல் இருக்கான்னு பாக்கணும்ல டீச்சர்."

மனசுக்குள் நூறு எண்ணினான். சூடு ஏறவில்லை. மோந்து பார்த்தான். கருகிய வாடை இல்லை.

"கரண்ட் பாஞ்சா உள்ள இருக்குற தகடு அதிரத்தான் செய்யும். திருகு லூஸாக் கெடக்கு, அதான் கூடுதலாக் கத்துது. பழுதில்லைங்க. தைரியமாப் போடலாம்."

சொன்னதில் அவனுக்குத் துளி சந்தேகம் இல்லை. பிளக்கைப் பிடுங்கினான். மூடியைக் கழற்றி, இரண்டு திருகையும் இறுக்கி, மூடி, மறுபடி சொருகினான்.

பிறகு அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. டீச்சரின் நெற்றியைப் பார்த்தான்.

நெற்றிச் சுருக்கம் மெல்ல விலகியது.

சத்தம் நின்றுவிட்டது என்று அருள்மணிக்குத் தெரிந்தது அப்போதுதான்.

மலையில் ரோடு போட வைத்த வெடியில் போனவை, இரண்டு காதும். படிப்பு, வயசு, அனுபவம் என்று நம்பர் போட்டு விண்ணப்பம் எழுதியவன், இதற்கு மட்டும் நம்பர் போடவில்லை.

டீச்சர் குனிந்து நோட்டில் எழுத ஆரம்பித்தார். எழுதும்போதே அவர் தாடை அசைந்தது. உதடு தெரியவில்லை.

அவன் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

பேனா நின்றது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் முகத்தில் சிரிப்பு வற்றியது.

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"திங்கக்கெழம. வெள்ளனே. வந்துருங்க."